கடைசிக் கம்பத்து விளக்கு

திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்தில் மங்கம்மாவிடம் மீன் வாங்குகிறவர்கள் மீனோடு மட்டும் போய்விட முடியாது. எந்தத் தெரு, என்ன வேலை, முதலாளி யார், அவர் எங்கிருந்து வந்து இங்கே தொழில் தொடங்கினார் என்று அவள் கேட்கும் அத்தனைக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் கூடையை விட்டு நகர வேண்டும். அவள் வம்புக்குக் கேட்பதில்லை. தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. தீப்பெட்டிக் கம்பெனிப் புகைபோக்கியில் நேற்று வெள்ளைப் புகை வந்ததே, இன்றைக்கு ஏன் கறுப்பாக வருகிறது என்று கேட்பதற்காக, ஷிப்டு முடிந்து ஆட்கள் வெளியே வரும்வரை கம்பெனி வாசலில் காத்து நின்றவள் அவள்.

அந்தக் குணம்தான் அவளை ஊருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. நாற்பத்திரண்டாம் வருஷம் கோடையில், ஜப்பான்காரன் கப்பலில் வருகிறான் என்று பேச்சுக் கிளம்பி, பட்டணத்து ஜனம் மூட்டை முடிச்சோடு வெளியூர்களுக்கு ஓடியது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பாதிக் கடைகளில் பூட்டுத் தொங்கியது. கட்டுமரத்தையும் வலையையும் விட்டுவிட்டு எங்கே போவது என்று குப்பத்துக்காரர்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கடலில் மீன் கிடைத்தது, வாங்கத்தான் ஆளில்லை. அரிசியோ கண்ணிலேயே படவில்லை. சாலையில் பட்டாள லாரிகள் மட்டும் புழுதி கிளப்பிக்கொண்டு போய்வந்தன.

இத்தனை சிப்பாய்களும் என்னதான் சாப்பிடுகிறார்கள் என்று மங்கம்மாவுக்கு ஒரே யோசனை. ஒரு நாள் கூடையோடு சாலை நடுவில் நின்று ஒரு லாரியை மறித்தாள். கையையும் வாயையும் காட்டிக் கேட்டேவிட்டாள். டப்பாவில் அடைத்த கறியைத் தின்று நாக்குச் செத்துப்போயிருந்த டிரைவர், கூடையிலிருந்த வஞ்சிரத்தைப் பார்த்துவிட்டு, அவளை அப்படியே முகாம் சமையல்காரனிடம் கூட்டிப்போனான். மறுநாள் முதல் மீன் முகாமுக்குப் போனது, அரிசி குப்பத்துக்கு வந்தது. ஊர் திரும்பியவர்கள் குப்பத்தில் ஒரு வீட்டிலும் உலை நின்றுபோகவில்லை என்று கேட்டு ஆச்சரியப்பட்டார்கள்.

சுதந்திரம் வந்து, பஞ்சாயத்து போர்டுக்குத் தேர்தல் வந்தபோது, குப்பத்தின் ஒரே இடத்துக்கு இரண்டு ஆண்கள் மல்லுக்கு நின்றார்கள். சண்டை கைகலப்பு வரைக்கும் போகவே, "மங்கம்மா நிக்கட்டும், ரெண்டு பேரும் வூட்டுக்குப் போங்க" என்று ஊர் முடிவு செய்தது. போர்டிலும் அதே கதைதான் நடந்தது. கடைவீதிக்காரர்களும் ஆலைத் தொழிலாளிகளும் பிரசிடெண்ட் நாற்காலியை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கவில்லை. நாலு மாதம் ஓடட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மங்கம்மாவை அதில் உட்கார்த்தி வைத்தார்கள். ஐம்பத்தெட்டாம் வருஷம் வரை அவள் எழுந்திருக்கவில்லை.

நாளைக்கு இந்த ஊர் என்னவாகும் என்பதில் அவளுக்குத் தீராத ஆவல். மோட்டார் சைக்கிள் கம்பெனிக்குக் கட்டடம் எழும்பியபோது வாரம் தவறாமல் போய்ப் பார்த்தாள். "இதுல நம்ம பசங்களுக்கு வேல கீதா? அதுக்கு இன்னா படிக்கணும்?" என்று அங்கிருந்த இன்ஜினீயரைத் துளைத்தெடுத்தாள். அவர் சொன்ன பதிலைக் கேட்டுக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய், மேல்வகுப்புகள் தொடங்கும்வரை தலைமையாசிரியரைத் தூங்கவிடவில்லை. தார்ச் சாலை வந்தது, குடிதண்ணீர்க் குழாய் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடற்கரைத் தெருவுக்கு மின்சார விளக்கு வந்தது. விளக்குக்காகத்தான் அவள் அதிகம் அலைந்தாள். மீன் வாசனை வருகிறது என்று ஒரு ஆபீசில் ஜன்னலைத் திறந்துவைத்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டாள்.

இனிப் போதும், அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அவளாகவே அறிவித்துவிட்டாள். மரக்கடை பரசுராமன் அடுத்த பிரசிடெண்ட் என்று முடிவாயிற்று. வழியனுப்பு விழாவுக்குப் பந்தல், மைக் செட், மாலை எல்லாம் ஏற்பாடாகின. வாழ்த்துப் பத்திரம் எழுதும் வேலை பள்ளி ஆசிரியர் குணசேகரனுக்கு.

எழுதியதை அவர் மங்கம்மாவின் வீட்டுக்கே வந்து படித்துக்காட்டினார். "கடற்கரைத் தெருவின் கடைசிக் கம்பம் வரை ஒளியேற்றி, இருளை அகற்றிய அன்னையே!" என்று குரலை உயர்த்தியபோது அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"கடைசிக் கம்பமா? அது எங்க வாத்தியாரே எரியுது?"

குணசேகரன் விழித்தார். "எரியலையா?"

"லைன்மேன் அமீரு மாசாமாசம் பல்பு மாத்திகினு தான் கீறாரு. மாத்தின நாலாம் நாளு ஒடைஞ்சி போவுது."

"பசங்க கல்லால அடிக்கிறாங்க போலிருக்கு."

"அப்பிடித்தான் நானும் நெனச்சிகினு இருந்தேன். ஆனா மத்த கம்பத்துல ஒண்ணு கூட ஒடையலயே. அந்த ஒண்ணுமேல ஒண்டி இன்னா கோவம்?"

வாத்தியார் போனதும் அந்தக் கேள்வி அவள் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பதவியில் இன்னும் இருப்பது கொஞ்ச நாள்தான், உடைப்பவனைப் பிடித்துத் தண்டிக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. ஏன் என்று தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் அமீரை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். கடைசி வீட்டையும் தாண்டி, மணல்மேடும் தாழம்புதரும் தொடங்கும் இடத்தில் அந்தக் கம்பம் நின்றது. அடியில் கண்ணாடிச் சில்லு. வழவழவென்று தேய்ந்த செங்கல் துண்டுகள் பக்கத்திலேயே கிடந்தன. மணலில் பீடித் துண்டுகளும் கிழிந்த சீட்டுக்கட்டு ஒன்றும் இருந்தன.

"கம்பி வலை போட்டு மூடிடலாம்மா. அப்புறம் எவன் கல்லுவுட்டாலும் ஒண்ணும் ஆவாது," என்றார் அமீர்.

"போடலாம். கொஞ்சம் இரு, ஏன்னு கேட்டுக்கிறேன்."

வீடு வீடாகக் கேட்டாள். ஆண்கள் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பிள்ளைகளின் சேட்டை, பக்கத்துக் குப்பத்துக்காரன் பொறாமை, காற்றில் கம்பி ஆடுகிறது என்று தயங்காமல் பேசினார்கள். அவள் கணவன் திருமலைகூட, வலையைப் பிரித்துக்கொண்டே, "காக்கா வந்து இடிக்குது, எனக்குத் தெரியும்" என்று சாதித்தான். பெண்கள்தான் வாயைத் திறக்கவில்லை. "தெரியாதுக்கா" என்று குனிந்து பாத்திரம் தேய்த்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். எதைக் கேட்டாலும் ஒன்றுக்கு நாலாகப் பேசும் பெண்கள் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஊமையானது மங்கம்மாவுக்கு விளக்கைவிடப் பெரிய அதிசயமாக இருந்தது.

மீன் காயப்போடும் மணலில் கோவிந்தம்மா நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே வருஷம் பிறந்தவர்கள், ஒன்றாகக் கூடை தூக்கப் பழகியவர்கள். மங்கம்மா எதிரில் குந்திக்கொண்டு தானும் மீனைத் திருப்பத் தொடங்கினாள்.

"யார்மே அந்த வெளக்க ஒடைக்கறது?"

கோவிந்தம்மா நிமிராமலே சொன்னாள். "போன தபா நான். அதுக்கு முன்ன கெங்கம்மா. மொற வெச்சிகினு கீறோம்."

மங்கம்மாவின் கை நின்றுவிட்டது. "இன்னாது?"

"இன்னாதுன்னா? வெடியக்காலம் இருட்டோட நாம எங்க போவோம்? அந்தத் தாழம்பொதர் பக்கம் தானே? நீ கூடத்தானே வந்துகினு இருந்த? இப்ப அங்க பட்டப்பகலாட்டம் வெளக்கு எரிஞ்சா எங்க போயி உக்காருறது? எரியறது பத்தாதுன்னு, வெளிச்சம் கீதுன்னு ஆம்பளைங்க அங்கயே சீட்டு ஆடறானுங்க, வல பின்னுறானுங்க. எந்திரிச்சே போவ மாட்டேங்கறானுங்க. நாங்க இன்னா பண்றது, சொல்லு?"

மங்கம்மா ஏற்கெனவே திருப்பிய மீனையே மறுபடியும் திருப்பினாள்.

"கெங்கம்மா மருமவ மாசமா இருந்தாள்ல, அடக்கிவெச்சி அடக்கிவெச்சி காய்ச்சலே வந்துட்ச்சி. அப்பால ரயில் ரோட்டாண்ட போனா. இருட்டுல ஜல்லியில வழுக்கி வுழுந்தா. புள்ள தப்பிச்சது ஏதோ ஆயுசு. அன்னிக்குத் தான் நான் மொத கல்ல எடுத்தேன்."

"எங்கிட்ட ஏன்மே சொல்லல?"

கோவிந்தம்மா இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தாள். "எப்பிடிச் சொல்றது? நீ ரோட்டு மேல வூடு கட்டிகினு போய்ட்ட. பின்னால கக்கூசு கட்டிகினே. இங்க வர்றப்பல்லாம் வாத்தியாரு, மெம்பருங்கோ, கம்பிக்காரருன்னு ஒரு ஊர்கோலமே கூட வருது. அவங்க முன்னால இதையா சொல்றது? அதும் நீ அந்த வெளக்குக்கு எம்மா அலைஞ்சேன்னு எங்களுக்குத் தெரியாதா? ஒம் மனசு நோவுமேன்னு தான் ஒண்ணும் சொல்லாம கல்ல எடுத்தோம்."

அன்று மங்கம்மா வீட்டுக்குப் போகும்போது சாலையில் எதிர்ப்பட்ட ஒருவரையும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. மூன்று பிள்ளை பெற்றவள், இருபது வருஷம் அதே புதருக்குப் போனவள், கம்பம் எங்கே நட வேண்டும் என்று அமீருக்குக் கையை நீட்டிக் காட்டியவளும் அவளேதான். அந்த நேரத்தில் அது எப்படி ஞாபகத்துக்கு வராமல் போயிற்று? இதுதான் அவளைக் குடைந்தது. இனி தன் வீட்டுக் கதவு மட்டும் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று மனது எந்த நாளில் முடிவு செய்தது? யோசித்துப் பார்த்தாள், அந்த நாள் பிடிபடவில்லை.

பொழுது சாய்வதற்குள் அமீரைக் கூப்பிட்டு அந்தக் கம்பத்திலிருந்து பல்பைக் கழற்றச் சொன்னாள். அவர் தயங்கினார். "பிரசிடெண்ட் உத்தரவாம்மா? மேலே கேட்டா?"

"உத்தரவு தான். நான் சொன்னேன்னு சொல்லு."

குணசேகரனிடமும் சொல்லியனுப்பினாள், அந்த விளக்கைப் பற்றிய வரியை எடுத்துவிடும்படி. அதற்குள் பத்திரம் அச்சாகி, கண்ணாடி போட்டுச் சட்டமும் அடித்தாகிவிட்டது.

விழாவன்று ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துப் பந்தலில் இடமில்லாத கூட்டம். ஆண்கள் நாற்காலியிலும், பெண்கள் ஓரமாகப் பாயிலும். பரசுராமன் புது வேட்டியில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். குணசேகரன் பத்திரத்தை ராகம் போட்டு வாசித்தார். "இருளை அகற்றிய அன்னையே" என்ற இடத்தில் கைதட்டல் எழுந்தது. பெண்கள் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

மங்கம்மா மைக்கைப் பிடித்தாள்.

"வாத்தியாரு அழகா எழுதிக்கீறாரு. இந்த ஊரு நாளைக்கு எப்பிடி இருக்கும்னு நான் ரொம்ப யோசிச்சேன், அது நெசம். கம்பெனிக்காரங்கள கேட்டேன், ஆபீசருங்கள கேட்டேன். என் பக்கத்து வூட்டுப் பொம்பளைய ஒண்டி கேக்கல. அதான் தப்பாப் போச்சு."

பணிவுக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தவர்கள் தலையை ஆட்டினார்கள். அவள் நிறுத்தவில்லை. கடைசிக் கம்பத்து விளக்கைப் பற்றிச் சொன்னாள். பெண்கள் விடியுமுன் எங்கே போகிறார்கள், எதற்குப் போகிறார்கள், விளக்கு வந்தபின் என்ன பட்டார்கள் என்று பெயர் எதுவும் சொல்லாமல், ஆனால் எதையும் மறைக்காமல் சொன்னாள். முன்வரிசையில் ஒருவர் செருமினார். திருமலை தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். மைக் செட்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் போர்டு மெம்பர்களைப் பார்த்தான்.

பரசுராமன் எழுந்து அவள் காதருகே வந்தார். "இன்னாம்மா இது, இந்தக் கலீஜ் எல்லாம் மைக்குலயா பேசுறது? தனியா சொன்னா செய்ய மாட்டேனா?"

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. அவள் பதில் மைக்கிலேயே கேட்டது. "தனியா சொன்னா நீ மறந்துடுவ நைனா. நானே மறந்துட்டேனே, நான் பொம்பள. நாலு சொவரு, ஒரு கூர, ஒரு தண்ணிக் குழா. பொம்பளைங்களுக்குன்னு தனியா. இடம் எதுன்னு அவங்களையே கேளு. எனக்குப் படம் மாட்டப் போறீங்களாமே போர்டு ஆபீசுல, அது வேணாம். இது போதும்."

கைதட்டல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டே கூட்டம் கலைந்தது. ஊரின் மானத்தைக் காற்றில் பறக்கவிட்டாள் என்று கடைவீதியில் நெடுநாள் பேச்சாக இருந்தது. குப்பத்து ஆண்களிலேயே சிலர் திருமலையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் வீட்டுக்கு வந்து, "ஒனக்கு வேற பேச்சே கெடைக்கலயா?" என்று ஒரு தரம் கத்தினான். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஏன் சொல்லல யாரும்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

பரசுராமன் ரோஷக்காரர். ஊர் முன்னால் கேட்டுவிட்டாளே என்று அந்த வாரமே தன் மரக்கடையிலிருந்து சவுக்குக் கழிகளும் தகரமும் அனுப்பினார். பெண்கள் தங்களுக்குள் பேசி, தாழம்புதரை விட்டுவிட்டு, குழாய்க்குப் பக்கத்தில் காற்று மறைவான இடம் ஒன்றைக் காட்டினார்கள். முதலில் தகரத் தடுப்பு. போர்டு தீர்மானம் போட்டு, செங்கல் சுவர் எழும்புவதற்கு அதற்குப் பிறகும் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. அதற்குள் தகரம் ஒரு புயலில் பறந்துபோய், மறுபடியும் கட்ட வேண்டியிருந்தது.

மங்கம்மா மீண்டும் கூடை தூக்கினாள். ராயபுரம் வரை நடந்து விற்றுவிட்டு மத்தியானத்தில் மீன் காயப்போடும் மணலுக்கு வருவாள். இப்போது அவளோடு ஊர்கோலம் எதுவும் வருவதில்லை. கோவிந்தம்மாவும் கெங்கம்மாவும் கருவாடு பிரிக்கும் இடத்தில் உட்கார்ந்து, பள்ளிக்கூடம் போகும் பெண்களைப் பற்றி, பிரசவத்துக்கு ராயபுரம் ஆஸ்பத்திரி வரை வண்டி கிடைக்காததைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிரசிடெண்டாக இருந்தபோது யாரும் சொல்லாததெல்லாம் இப்போது தானாக வந்து விழுந்தது.

"இதெல்லாம் கேட்டு இப்ப இன்னா பண்ணப் போற? நீ தான் எதுலயும் இல்லியே," என்றாள் கெங்கம்மா ஒரு நாள்.

"பரசுராமன் கீறாரு இல்ல? போயிக் கேப்பேன்," என்றாள் மங்கம்மா. "நீ சொல்லு. வண்டி ஏன் வர மாட்டேங்குது? வண்டிக்காரன் இன்னா சொல்றான்?"