எதிரிப் படையில் காப்புக் கட்டியவர்கள்

காப்புக் கட்டியவன் சவரம் செய்துகொள்ளக் கூடாது. செருப்புப் போடக் கூடாது, கவுச்சி தொடக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்கு இது எல்லாரும் அறிந்த கட்டுப்பாடு. அந்த வருடம் நான் காப்புக் கட்டியது என் மகளுக்காக. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்தது. அதற்கு முன் உண்டானதெல்லாம் தங்காமல் போயிருந்தது. அப்போது நிறைமாதம். ‘நல்லபடியாகப் பிறந்தால் தீச்சட்டி எடுக்கிறேன்’ என்று நான் வேண்டவில்லை. ‘தீச்சட்டி எடுத்துவிடுகிறேன், நீ நல்லபடியாகக் கொடு’ என்றுதான் ஆத்தாளிடம் கேட்டேன். அவளிடம் பேரம் பேசப் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில் கீழக்குயில்குடிப் பக்கத்துப் பொட்டலில் ராஜா காலத்துச் சண்டைப் படம் ஒன்று எடுக்க வந்திருந்தார்கள். என் மனைவியின் தம்பி அவர்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் வேலையை எடுத்திருந்தான். எங்கள் ஊரிலேயே நான் வேலை பார்க்கும் லேத் பட்டறைக்கு வந்து நின்றான்.

“மச்சான், தாடி வச்ச ஆளா வேணுமாம். ஒரு நாளைக்கு லீவு சொல்லுங்க. கையில ஈட்டியப் பிடிச்சுக்கிட்டு நின்னாப் போதும்.”

“காப்புக் கட்டியிருக்கேன் மாப்ள.”

“அதுக்குத்தான ஒங்கள்ட்ட வந்தேன். ஒட்டுத்தாடி வச்சா வேர்வையில உரிஞ்சு தொங்குதாம். நம்ம ஊர்ல காப்புக் கட்டுன அம்புட்டுப் பேருக்கும் சொந்தத் தாடி. எடம் எல்லைக்குள்ளதான் இருக்கு. சைவச் சோத்துக்கும் சொல்லிட்டேன். வேற என்ன வேணும்?”

எந்தக் கட்டுப்பாட்டையும் மீறவில்லை என்று எனக்கும் பட்டது. போனேன்.

போன உடனேயே எங்களைப் பிரித்துவிட்டார்கள். மழுங்கச் சிரைத்து மீசை மட்டும் வைத்தவர்கள் நம் ராஜாவின் படை. தாடி வைத்தவர்கள் எதிரிப் படை. அப்படிப் பார்த்தால் எங்கள் ஊரில் விரதம் இருந்த அத்தனை பேரும் எதிரிகள்.

“ஏண்ணே, நல்லவனுக்குத் தாடி மொளைக்காதாண்ணே?” என்று எங்கள் ஊர் டீக்கடைக்காரர் உடை கொடுக்கும் ஆளிடம் கேட்டார்.

“மொளைக்கும். மொளைச்சா இந்தப் பக்கம் வந்துரணும்,” என்றான் அவன்.

கருப்பு ரெக்சினில் கவசம். முதுகுப் பக்கம் வாரைக் கோத்து இறுக்கினார்கள். போட்டவன் தானாகக் கழற்ற முடியாது. மணிக்கட்டில் இருந்த மஞ்சள் காப்பை அறுக்க வந்தார்கள். நாங்கள் ஒத்துக்கொள்ளாததால் அதன் மேல் தோல்பட்டை ஒன்றைச் சுற்றிவிட்டார்கள். படம் எடுத்து வெளியே விட்டுவிடுவோம் என்று போன்களை எல்லாம் ஒரு சாக்குப்பையில் வாங்கிப் போட்டார்கள். மகளுக்கு வலி கண்டால் கூப்பிடச் சொல்லியிருந்தேன் என்று சொன்னேன். சாயங்காலம் தருவோம் என்றார்கள். சமணர் மலை எதிரே நின்றது. மலைக்கு அந்தப் பக்கம் என் வீடு. எழுந்து நடந்தால் போய்விடலாம் என்பதுபோல இருந்தது. ஆனால் அந்த உடையில் ஒண்ணுக்குப் போகக்கூட ஒருத்தன் துணை வேண்டியிருந்தது.

பொட்டலின் நடுவே ஒரு கோயில் கட்டியிருந்தார்கள். தூண்கள் தெர்மாகோல், அம்மன் ஃபைபர். இரண்டு ஆள் உயரம். காலையில் வேலை தொடங்கும் முன் ஓவியர் ஏணியில் ஏறிக் கடைசியாகக் கண்ணை எழுதினார். பூசணிக்காய் உடைத்தார்கள், சூடம் காட்டினார்கள், குங்குமம் கொடுத்தார்கள். சினிமாக்காரர்களுக்கு அது தொழில் தொடங்கும் பூஜை. எங்களுக்கு அது கண் திறப்பு. கண் திறந்து சூடம் காட்டிய பின் உள்ளே ஃபைபரா கல்லா என்று யார் பார்க்கிறார்கள்? எதிரிப் படை மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. டீக்கடைக்காரர் எங்கிருந்தோ ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து சூலத்தில் குத்திவிட்டு வந்தார்.

மதியம் வரை சண்டை. வெயிலில் ஓடினோம், விழுந்தோம், செத்தோம். செத்தவர்களையே எழுப்பி வேறு இடத்தில் நிறுத்தி மறுபடி சாகச் சொன்னார்கள். நாங்கள் இருந்ததோ ஒரு கல்யாணப் பந்திக்குக் காணும் அளவு கூட்டம். கம்ப்யூட்டரில் லட்சம் பேராக்கிவிடுவார்களாம். என்னை முன்வரிசையில் வைத்து, கண்ணை உருட்டச் சொல்லிப் பக்கத்தில் வந்து எடுத்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் அடுத்த காட்சியைச் சொன்னார்கள். ஜெயித்த எதிரிப் படை கோயிலுக்குள் புகுந்து அம்மனைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ள வேண்டும்.

உதவி இயக்குநர், சென்னைப் பையன், மரியாதையானவன். அவனிடம் கேட்டேன். “தம்பி, அந்த எதிரி ராசா நெசமாவே சாமிய இழுத்துப் போட்டாரா?”

“தெரியல சார். ஆனா வில்லன் மேல ஜனங்களுக்குக் கோபம் வரணும்ல? கதைக்கு வேணும் சார்.”

மைத்துனனைக் கூப்பிட்டேன். “மாப்ள, என்னைய விட்ருடா. பிள்ளை நெறமாசமா இருக்கா. அவளுக்காகக் கட்டுன காப்பு இது. இந்தக் கையால ஆத்தாள இழுக்கச் சொல்றியே.”

“மச்சான், காலையில இருந்து ஒங்க மூஞ்சிதான் முன்னாடி வந்துருக்கு. இப்ப நீங்க இல்லைன்னா எடுத்தது அம்புட்டும் வீணாம். என்னையக் கொன்னே போடுவாய்ங்க. இது வெறும் பொம்மை மச்சான்.”

“பொம்மைக்கு எதுக்குடா சூடம் காட்டுனீங்க?”

அதற்குள் கயிற்றைக் கொண்டுவந்துவிட்டார்கள். அம்மன் இடுப்பில் கட்டி, மறுமுனையை எங்கள் வரிசை நெடுகப் போட்டு, ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்கள். பக்கத்தில் எடுக்கும்போது அப்படி இருந்தால்தான் நன்றாக இருக்குமாம். முன்னால் இருப்பவனுக்கும் பின்னால் இருப்பவனுக்கும் நடுவே நான். அவிழ்க்க முடியாது, விலக முடியாது, உட்காரக்கூட முடியாது. எவன் அசைந்தாலும் என் கை அசைந்தது. ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. அந்த நேரம் மகளுக்கு வலி எடுத்திருக்குமோ, பைக்குள் போன் அடித்துக்கொண்டிருக்குமோ என்றே நினைப்பு ஓடியது.

‘ஆக்‌ஷன்’ என்றார்கள். நான் பல்லைக் கடித்தேன், முனகினேன், உடம்பைச் சாய்த்தேன். கையில் மட்டும் பலம் வைக்கவில்லை. நான் ஒருத்தன் இழுக்காவிட்டாலும் மற்றவர்கள் இழுத்துவிடுவார்கள், என் பங்குக்குப் பாவம் வேண்டாம் என்று நினைத்தேன். அம்மன் அசையவில்லை. அடியில் போல்ட்டுகளை எல்லாம் கழற்றி வைத்திருந்தார்கள். நாலு பேர் இழுத்தால் விழவேண்டிய பொம்மை. மறுபடி ஆக்‌ஷன். மறுபடி அசையவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் திரும்பாமலே கேட்டார்.

“அண்ணே, நீங்க இழுக்கிறீகளா?”

“இல்லையே. நீ?”

“நானா? என் கைக்குப் புண்ணு வந்துராது?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். வரிசை மொத்தமும் முக்கி முனகியதே தவிர, ஒருத்தன்கூட இழுக்கவில்லை. அத்தனை பேரும் காப்புக் கட்டியவர்கள்.

இயக்குநர் மைக்கில் கத்தினார். பிறகு அவர்களுக்குள் பேசி ஒரு ஜேசிபியைக் கொண்டுவந்தார்கள். அம்மனுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, இரும்பு வயர் மாட்டினார்கள். “அது அந்தப் பக்கம் இழுக்கும். நீங்க இந்தப் பக்கம் சும்மா நில்லுங்க. ஒங்க முகத்த மட்டும் எடுத்துக்கிறோம். கம்ப்யூட்டர்ல வயர அழிச்சிட்டு ரெண்டையும் வெட்டி ஒட்டிருவோம்,” என்றான் உதவி இயக்குநர். எங்கள் கயிறு அப்படியே இருந்தது, முடிச்சும் அப்படியே இருந்தது.

ஜேசிபி உறுமியது. அம்மன் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தாள். காலையில் எழுதிய அந்தக் கண் வானத்தைப் பார்க்கத் திரும்பியது. எங்கள் கயிறு விண்ணென்று இறுகியது. அப்போது யார் முதலில் தொடங்கினார்கள் என்று தெரியாது. “ஆத்தா!” என்று ஒரு சத்தம். அத்தனை பேரும் குதிகாலை மண்ணில் ஊன்றி இழுத்தோம். அன்றைக்கு முழுதும் இழுக்காத இழுப்பு. விழாமல் பிடிக்க இழுத்தோம். கழுத்து நரம்பு புடைத்தது, மணிக்கட்டில் தோல் உரிந்தது. மண்ணில் எங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது அந்த இயந்திரம். அவள் விழுந்தாள். நாங்களும் குப்புற விழுந்தோம்.

“சூப்பர்! இதத்தான் இவ்வளவு நேரமாக் கேட்டேன்!” என்று மைக்கில் குரல் வந்தது.

அன்று மகளுக்கு வலி வரவில்லை. அடுத்த வாரம் வந்தது, ஆண் பிள்ளை, இரண்டு உயிரும் நலம். தீச்சட்டி எடுத்தேன். படத்துக்குப் போனதை வீட்டில் சொல்லவில்லை, கையில் இருந்த காயத்தைப் பட்டறையில் பட்டது என்று சொல்லிவிட்டேன். நல்லது நடந்தும் எனக்குப் பயம் விடவில்லை. பிள்ளைக்குச் சளி பிடித்தாலும் அந்தக் கயிறுதான் ஞாபகத்துக்கு வந்தது.

படம் வந்தபோது பேரனுக்கு ஒரு வயது ஆகப்போகிற நேரம். நான் அதில் இருப்பதை மைத்துனன் உளறிவிட, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் மருமகன் எல்லாருக்கும் டிக்கெட் போட்டுவிட்டார். வரிசைக்கு நடுவில் என் இருக்கை. இந்தப் பக்கம் பேரனை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி, அந்தப் பக்கம் மருமகன். முழங்கால் இடிக்கும் இடைவெளி. எழுந்து போகலாம் என்றால் பத்துப் பேரை எழுப்ப வேண்டும்.

அந்தக் காட்சி வந்தது. திரை முழுக்க என் முகம். பல்லை நெறித்து, கண் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து. அடுத்து அம்மன் விழுவது. மறுபடி என் முகம். எங்கள் “ஆத்தா” இல்லை. அந்த இடத்தில் மிருகம் போல ஒரு உறுமலைச் சேர்த்திருந்தார்கள்.

“மாமா! மாமா!” என்று மருமகன் விசில் அடித்தார்.

முன்வரிசையில் ஒரு பெண் திரையைப் பார்த்து, “இவய்ங்க கை வெளங்குமா? நாசமாப் போவாய்ங்க,” என்றாள்.

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். “இது எப்ப எடுத்தது?”

“பொங்கலுக்கு முன்னாடி.”

“காப்போடயா?”

“ஆமா. நான் தள்ளலடி. மெசினு அங்கிட்டு இழுத்துச்சு. விழாம நாங்க பிடிச்சோம். அம்புட்டுப் பேரும் பிடிச்சோம்.”

“படத்துல அப்படி இல்லையே.”

“படத்துல இல்ல.”

அவள் திரையின் பக்கம் திரும்பினாள். கடைசிச் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. “அந்தா, தலையில்லாமக் கெடக்கானே, அவன் யாரு?” என்றாள்.

“நம்ம டீக்கடைக்காரரு. சூலத்துல எலுமிச்சம்பழம் குத்துனாரு.”

“அவரும் பிடிச்சாரா?”

“அவருதான் வரிசையில மொத ஆளா நின்னு பிடிச்சாரு.”

கதாநாயகன் குதிரையில் வந்தார். என் நெஞ்சில் ஈட்டியைப் பாய்ச்சினார். வாயில் ரத்தம் வர நான் மல்லாந்து விழுந்தேன். தியேட்டர் அதிர்ந்தது. விசில், கைதட்டல். மருமகனும் தட்டினார். எல்லாரும் தட்டுவதைப் பார்த்துப் பேரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புதிதாகக் கற்றுக்கொண்ட கைதட்டல். பாட்டி மடியில் எம்பி எம்பித் தட்டினான்.

என் மனைவி அவன் இரண்டு கைகளையும் சேர்த்துத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டாள்.