சுவர்மேல் வைத்த பை

ஹாக்ளிஃப் என்கிற மலையூரில் வெறுங்கையோடு மேடு ஏறினால் ஊர் ஏசும். பேருந்து அடிவாரத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து சந்து செங்குத்தாக மேலே போகும். கீழ்வீட்டுப் புகைபோக்கியும் மேல்வீட்டு வாசற்படியும் ஒரே மட்டத்தில் இருக்கிற இடம், வேறெப்படிப் போகும்? அதனால் முடியாதவர்கள் கடையில் வாங்கிய பையை நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கல்சுவர்மேல் வைத்துவிட்டு நடப்பார்கள். பின்னால் வருகிறவர் தூக்கிப்போய் வாசலில் சேர்ப்பார். பையில் பேரெல்லாம் எழுதுவதில்லை. யாருக்கு முட்டிவலி, யார் பிள்ளை பெற்றிருக்கிறாள் என்பது ஊருக்கே தெரியுமே!

மேவிஸ் க்ராப்ட்ரீ உச்சி வீட்டுக்காரி. நூல் ஆலைக்குப் போன காலத்திலிருந்து யார் யார் பையையோ சுமந்தவள். தன் பையை மட்டும் ஒருநாளும் அந்தச் சுவரில் வைத்ததில்லை. அப்படியொரு வீம்பு. நடுச்சந்து கிளிஃபர்ட், தேவாலயத் திருவிழாவில் அவள் போட்ட ரூபார்ப் தண்டு ஜாம் தண்ணீராய் ஓடுகிறது என்று சொல்லிவிட்டார். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தியவள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குளிர்காலத்தில் அவள் முட்டி காலை வாரிவிட்டது. மகள் ஜில்லியன் வந்து உட்கார்ந்துகொண்டாள். கீழே ஆற்றங்கரைச் சமதரையில் ஒரு சின்ன வீடு காலியாக இருந்தது. அம்மா அங்கே குடிபோகச் சாயங்காலத்துக்குள் சரியென்று சொல்லியாக வேண்டும்.

"வழுக்கி விழுந்து கெடந்தா உன்னை யாரும்மா பாப்பா?"

"இந்த மேட்டுல யாரும் அனாதையாக் கெடந்ததில்லடி. காலையில நானும் பையைச் சுவர்ல வச்சிட்டுத்தான் வந்திருக்கேன். இப்ப வரும் பாரு. வரலேன்னா நீ சொல்ற வீட்டுக்கே வர்றேன், போ!"

வாய்தான் அப்படிச் சொன்னது. பையை வைக்கும்போதே திருடி மாதிரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் வைத்திருந்தாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மூடுபனிக்குள்ளிருந்து ஒவ்வொரு தலையாக மேலேறி வந்தது. ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்றாள். எல்லார் கையிலும் யாருடைய பையோ இருந்தது. அவளுடையது மட்டும் இல்லை. தேநீர் ஆறிப்போனது, வெளிச்சமும் போனது. ஊருக்கெல்லாம் சுமந்தேனே, என் ஒரு பையைத் தூக்க ஆளில்லையா என்று பொருமினாள்.

"சரி, அந்த வீட்டையே பாத்துரலாம்" என்று எழுந்து கோட்டை மாட்டினாள். ஜெயித்த மகளுக்கும் முகம் தெளியவில்லை.

கதவைத் திறந்தால் வாசற்படியில் கிளிஃபர்ட்! முகமெல்லாம் சிவந்து, மூச்சு இரைக்க, பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏ மேவிஸு! பையை வச்சா ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்திருக்கேன்னு எவனோ கொண்டாந்து என் வாசல்ல வச்சிட்டான். என்னுது இல்லன்னேன். வீடு வீடாக் கேட்டுப் பாத்தாச்சு. உன் பேரு மட்டும் ஒருத்தர் வாயிலயும் வரல."

"ஏன் வரல?"

"நீயாவது, சுவர்ல பை வைக்கிறதாவது! அப்புறம் உள்ள கையை விட்டேன். புதினா மிட்டாய். பிரசங்கம் முச்சூடும் என் முன்னாடி உக்காந்து கறுக்முறுக்குன்னு கடிப்பியே, அதே சனியன்."

மேவிஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே திட்டினாள்.

"உன் நெஞ்சு இருக்கிற இருப்புக்கு நீ ஏன்யா ஏறி வந்தே? யார்கிட்டயாவது குடுத்தனுப்ப வேண்டியதுதானே?"

"குடுத்தனுப்பியிருந்தா நீ என்கூடப் பேசியிருப்பியா?"

மேவிஸ் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். பையைக் கேட்டுக் கையை நீட்டினாள். அவர் தரவில்லை. வாசலைத் தாண்டி உள்ளே கொண்டுவந்து வைப்பதுதான் முறை என்று சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

"ஜாம் கெட்டியாத்தான் இருந்துச்சு" என்றாள் மேவிஸ்.

"தண்ணிதான்" என்றார் அவர்.

ஜில்லியன் அம்மாவின் தோளிலிருந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "உள்ள வாங்க மாமா, டீ போடறேன்" என்று அடுப்படிக்குப் போனாள்.