இராஜாமணி டீச்சரும் மலைப் பள்ளிக்கூடமும்

ராசிங்காபுரம் பஸ்சுக்காகப் போடியில் நின்றுகொண்டிருந்தபோது சேதி வந்தது. எங்களிடம் படித்த பெண்ணொருத்தி, இடுப்பில் பிள்ளையோடு கூட்டத்தை விலக்கி வந்து, "டீச்சர், நம்ம இராஜாமணி டீச்சர் காலைல தவறிட்டாங்களாம். வெரசாப் போங்க, மத்தியானமே எடுத்துருவாங்களாம்" என்றாள். பஸ்சை விட்டுவிட்டு அப்படியே திரும்பி நடந்தேன்.

துக்க வீட்டில் எல்லோரும் அவருடைய கண்டிப்பைப் பற்றித்தான் பேசினார்கள். நேரம் தவறாதவர், துண்டுச் சாக்பீஸைக்கூடக் குனிந்து எடுப்பவர் என்றார்கள். எல்லாம் நிஜம். மலைப் பள்ளி விஷயத்தை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. இறந்தவருக்கு அது மரியாதை என்று நினைத்திருப்பார்கள். டீச்சர் கேட்டிருந்தால் சத்தம் போட்டிருப்பார்.

எழுபதுகளின் நடுவில் அவர் எங்கள் பள்ளியின் தலைமையாசிரியை. நான் புதிதாகச் சேர்ந்த அறிவியல் டீச்சர். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, கணக்கு வாத்தியார் தன்னைத் தனியாக இருக்கச் சொல்லித் தப்பாக நடந்துகொண்டதாக அவரிடம் வந்து அழுதது. "வாத்தியாரைப் போய் அப்படிச் சொல்லலாமா" என்று கேட்கிற காலம் அது. டீச்சர் அப்படிக் கேட்கவில்லை. பிள்ளையை நாலு பேர் முன்னால் நிறுத்தி விசாரிக்கவும் விடவில்லை. அன்றைக்கே வாத்தியாரை வகுப்புக்குப் போகக் கூடாதென்று நிறுத்தினார்.

அடுத்த நாள் பிள்ளையின் அப்பா வந்து கும்பிட்டார். "ஆத்தா, எம்பிள்ள பேரு வெளிய வந்துறக் கூடாது. நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கணும்ல." தாளாளருக்கு அது வசதியாகப் போயிற்று. "ஆளை மேல மாத்திருவோம்மா. யார் பேரும் கெடாது" என்றார்.

எங்கள் நிர்வாகத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. உடைந்த பெஞ்சு, கிழிந்த நிலப்படம் என்று கீழே ஆகாததையெல்லாம், மலையில் குரங்கணிக்கு மேலே இருந்த தங்களுடைய இன்னொரு பள்ளிக்கு ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். ஏலத்தோட்டத் தொழிலாளிகளின் பிள்ளைகள் படித்த பள்ளி அது. வாத்தியாரையும் அப்படியே ஏற்றினார்கள். டீச்சர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். "பிள்ளை தப்பிச்சிருச்சு" என்று ஆசிரியர் அறையில் வந்து சொன்னபோது நாங்களும் பெருமூச்சு விட்டோம்.

மறு வருஷம் மலைப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு டீச்சரோடு நானும் போயிருந்தேன். முந்தின விழாவில் பரிசு வாங்கிய பிள்ளையை இந்தத் தடவை காணோம். தேடிக்கொண்டு தோட்டத்துக்கே போனோம். அந்தப் பிள்ளை அம்மாவுக்குப் பக்கத்தில் குனிந்து ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

"ஏம்மா நிப்பாட்டிட்டே? நல்லாப் படிக்கிற பிள்ளையாச்சே" என்றார் டீச்சர்.

அம்மா நிமிர்ந்தாள். "கீழ எதுக்காக அந்த வாத்தியாரு ஆகாதுன்னு அனுப்புனீங்களோ, அதுக்காகத்தான் டீச்சர் நிப்பாட்டுனேன். ஜீப்புக்காரரு எல்லாம் சொன்னாரு. எங்க பிள்ளைகன்னா பரவாயில்லையா?"

டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த அம்மா கும்பிடவில்லை.

மலையிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கல்வி அதிகாரியிடம் போனார், பிறகு போலீசுக்கும் போனார். "தெரிஞ்சே அனுப்புனேன், முதல்ல என் பேரை எழுதுங்க" என்றார். வாத்தியாருக்கு வேலை போயிற்று, வழக்கும் நடந்தது. டீச்சருக்குத் தலைமையாசிரியை பதவி போயிற்று. ஓய்வுபெறும்வரை சாதாரண ஆசிரியையாகவே இருந்தார். அந்தப் பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கு அழைத்துவர எத்தனையோ முறை மலை ஏறினார். அது வரவே இல்லை.

பின்னால் அந்தப் பதவி எனக்கு வந்தபோது சொன்னார்: "பிள்ளை சொன்னா நம்பணும்னு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. ஆளை அனுப்புற இடத்துலயும் பிள்ளைக இருக்கும்னு தோணாமப் போச்சே."

மனம் கேட்காமல், "அதான் எல்லாத்தையும் சரி பண்ணிட்டீங்களே டீச்சர்" என்றேன்.

அவருக்கு வந்த கோபத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. "என்னத்தச் சரி பண்ணேன்? அவ இன்னும் காய்தான எடுத்துக்கிட்டிருக்கா!"

நல்லவர் என்ற பேரை ஊர் வைத்துக்கொள்ளட்டும். ஆறுதல் சொல்லப்போன என்மேல் பாய்ந்த அந்தக் கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன். ஏதாவதொரு பிள்ளை அழுத முகத்தோடு என் அறை வாசலில் வந்து நிற்கும்போது, எனக்கு அதுதான் வேண்டும்.