காயாத மணல்

டியூஷனுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் பெருமையாகச் சொல்வதுண்டு. நம் வீட்டுத் தறியில் ஓடும் பட்டு நூலை ஒரு புழு உலையில்லாமல், நெருப்பில்லாமல் நூற்றது. சைக்கிளில் ஒரு கிலோமீட்டர் போக, நடப்பதைவிடக் குறைவான சக்திதான் செலவாகும். மண்பானை ஒரு யூனிட் கரண்ட் தின்னாமல் தண்ணீரைக் குளிரவைக்கும். இயற்பியலில் பட்டம் வாங்கி, சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளருக்கு வாழ்க்கைப்பட்ட மேதாவி நான். அந்தப் பானையை வைத்துத்தான் என் மகளைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அவளுக்கு எட்டு வயது. சர்க்கரை நோய். ரத்தத்தில் சர்க்கரை நிரம்பிக் கிடக்கும், உடம்போ அதை எடுத்துக்கொள்ள முடியாமல் பட்டினி கிடக்கும். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர். சூடு பட்டால் மருந்து வீணாகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். எங்களிடம் ஃபிரிட்ஜ் இல்லை. எதிர்வீட்டு ஃபிரிட்ஜில்தான் வைத்திருந்தோம். அந்தக் கோடையில் அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு ஒன்றும் பயமில்லை. பெரிய பானையில் மணலைக் கொட்டி, நடுவில் சின்னப் பானையைப் புதைத்து, அதற்குள் மருந்துக் குப்பிகளை வைத்தேன். மணலுக்குத் தண்ணீர் ஊற்றி, ஜன்னலோரம் காற்றுப்படும் இடத்தில் வைத்தேன். உள்ளே கையை விட்டால் ஜில்லென்று இருந்தது. ஆனால் மணல் நாளுக்கு நான்கு செம்பு தண்ணீர் குடித்தது. குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும்.

“தறி ரூம்ல வெச்சிடேன்மா. அங்க ஈரம் காயாம இருக்குது” என்றார் கணவர்.

நெசவு வீட்டில் யாருக்கும் தோன்றுவதுதான். வறண்ட காற்று பட்டால் இழை அறுந்துபோகும் என்று கோடையில் தறி இருக்கும் அறையின் ஜன்னல்களை அடைத்து, தரையில் தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கு தொங்கவிடுவோம். ஈரமான இடம் குளிர்ச்சியான இடம் என்று நானும் நம்பினேன். பானை அங்கே போனது. தறியில் உட்காரும் கணவரே காலையும் மாலையும் குப்பியை எடுத்துக் கொடுத்தார். இரண்டு நாள் ஆகியும் மணல் காயவில்லை. மூன்றாம் நாளும் காயவில்லை. தண்ணீர்கூடச் செலவில்லை, இதைவிடச் சிக்கனம் உண்டா என்று பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டேன்.

தினமும் காலையில் அவள் சிறுநீரில் எட்டுச் சொட்டை நீலநிற மருந்துக் கரைசலில் விட்டுக் காய்ச்சிப் பார்ப்பேன். சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே இருக்கும். மூன்றாவது வாரத்தில் பச்சையாக மாறியது. பிறகு மஞ்சள். எனக்குத் தெரியாமல் எதையோ தின்கிறாள் என்றுதான் நினைத்தேன். வைகாசி கருடசேவையன்று செங்கல் நிறம்.

அன்று தெருவெல்லாம் தண்ணீர்ப்பந்தல். வெல்லம் கரைத்த பானகத்தை வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் கொஞ்ச நேரம் அவள் என் கண்ணில் படவில்லை. வீட்டுக்கு வந்ததும் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள்.

“பானகம் குடிச்சியா?”

“இல்லமா.”

“பொய் சொல்லாத!”

“சத்தியமா குடிக்கலமா.”

அறைந்தேன். ஒருமுறை இல்லை. அவள் ஒத்துக்கொள்ளும்வரை அறைய வேண்டும் என்ற வெறி. அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. கன்னத்தில் என் விரல்கள் பதிந்திருந்தன.

மறுநாள் காலையில் வாந்தி. மூச்சு புஸ் புஸ்ஸென்று வாங்கியது, வாயில் அழுகிய பழவாடை. ஊசி மருந்தை எடுக்க நானே தறி அறைக்கு ஓடினேன். சின்னப் பானைக்குள் கையை விட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், சுற்றிலும் அடைத்த ஜன்னல். மணல் மட்டும் சொதசொதவென்று அப்படியே ஈரமாக இருந்தது.

தண்ணீர் ஆவியாகிப் போனால்தான் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். எத்தனை பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்! ஏற்கெனவே ஈரம் நிறைந்த அறையில், காற்றே இல்லாத இடத்தில், அது எங்கே போகும்? தண்ணீர் மிச்சமாகிறது என்று நான் குதித்த நாளெல்லாம் பானை வேலையே செய்யவில்லை. மருந்து சூட்டில் வெந்துகொண்டிருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். கணவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்கவில்லை. அவள் போய்விட்டால் நானும் இருக்கக்கூடாது என்று முடிவே செய்துவிட்டேன். புது மருந்தில் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மூன்றாம் நாள் கண் விழித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் மிரண்டுபோய்க் கையைக் கன்னத்துக்குக் கொண்டுபோனாள்.

“பானகம் குடிச்சேன்மா. ரெண்டு டம்ளர். இனிமே குடிக்கவே மாட்டேன்.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பானை, தறி அறை, ஜன்னல், கெட்டுப்போன மருந்து. தப்பு முழுக்க என்னுடையது என்றேன்.

“அப்ப நான் பானகம் குடிக்கலியாம்மா?” என்று கேட்டாள்.