பிசாசுக்கு நான் சொன்ன பெயர்

றோசக்கா போய்விட்டார். காலை ஏழரைக்கு அவருடைய மகள் போன் பண்ணிச் சொன்னாள். ஹார்ட் அட்டாக்... மீன் எடுக்கக் கரைக்கு வெளிக்கிட்ட இடத்திலேயே.

குருநகர் றோசக்கா. அரியாலையில் எங்கள் சந்தியில் ஓலைக் கடகத்தோடு இருந்து மீன் விற்றவர். எங்கள் தெருவுக்கு, ஒழுங்கைக்காரருக்கு, இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மற்றவர்களுக்கு நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்பது வருஷமாகச் சொல்லாதது. இன்றைக்கும் சொல்லாவிட்டால் நான் ஒரு மனுஷியா?

எனக்குக் குரல்கள் கேட்கும்.

இப்போது குறைவு. அப்போது, இருபத்திரண்டு வயதில், நாள் முழுக்கக் கேட்டது. நான் வேலை செய்த போட்டோகொப்பிக் கடையில் மெஷின் போடும் சத்தத்துக்கு மேலாலும் கேட்டது. அதில் ஒன்று பெண் குரல். அச்சொட்டாக றோசக்காவின் குரல். "கிணத்துக்கை குதி" என்று சொல்லும்.

அம்மா முதலில் கோயிலில் நூல் கட்டுவித்தார். பிறகு யாரோ சொல்லி ஒரு செபவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் சைவ சமயம்தான்... பிள்ளைக்கு ஒன்று என்றால் எந்த வாசல் என்று பார்த்துக்கொண்டா நிற்பது?

அங்கே ஒரு முறை இருந்தது. பிசாசை ஓட்டுவதற்கு முதல் அதன் பெயரை வாங்க வேண்டும். மூன்று நாள் உபவாசம். நாலு பேர் என் தலையில் கைவைத்து, "பேரைச் சொல்லு! பேரைச் சொல்லு!"

பசி. தலைச்சுற்று. பெயர் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்பது மட்டும் விளங்கியது. எனக்கு யாருடையது என்று தெரிந்த குரல் ஒன்றுதான். சொன்னேன்.

"றோசக்கா."

செத்த யாருடையதோ பெயர் வரும் என்று எதிர்பார்த்தார்கள் போல. பிறகு எங்கள் ஒழுங்கையில் இருந்து வந்திருந்த ஒரு மனுஷி, "அப்ப மீன்காரிதான் செய்வினை செய்திருக்கிறாள்" என்றார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? விடிவதற்குள் ஒழுங்கை முழுக்கக் கதை.

மூன்று கிழமை, இருபத்தொரு நாள். அவருடைய கடகத்தில் மீன் அப்படியே கிடந்தது. வருஷக்கணக்காக அவரிடம் வாங்கியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டு ஜன்னலால் சந்தி நன்றாகத் தெரியும். அவர் மீனில் மொய்க்கும் இலையான் கலைத்துக்கொண்டு இருப்பதைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பிறகு ஒரு நாள் எங்கள் படலைக்கு வந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று அம்மா திறக்கவில்லை. அவர் படலைக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நான் உனக்கு என்ன சொல்லுறனான்? உள்ளதைச் சொல்லு."

"கிணத்துக்கை குதிக்கச் சொல்லுறியள்."

அவருடைய முகம் மாறிவிட்டது. கோபம் இல்லை. பயந்துபோனார்... எனக்காக.

"நான் உன்னட்டை இவ்வளவு காலமும் கேட்டது ஒண்டே ஒண்டுதான். சூடை மீன் வேணுமோ எண்டு. மற்றது நானில்லை. இனி என்ரை குரல் கேட்டா நம்பாதை. நேரை சந்திக்கு வந்து என்னட்டைக் கேள்."

அம்மாவைப் பார்த்து, "தங்கச்சி, பிசாசு இருக்கெண்டு நானும் நம்புறனான். செபமாலை சொல்லாமல் படுக்கிறேல்லை. பிசாசெண்டா செபத்துக்குப் போகும், நோய் வருத்தமெண்டா மருந்துக் குளுசைக்குப் போகும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவம். நானும் வாறன்."

அம்மா படலையைத் திறந்தார்.

கிளினிக்கில் டொக்டர் கேட்டார், "நீங்கள் பிள்ளைக்கு என்ன முறை?"

"நான்தான் டொக்டர் அந்தப் பிசாசு."

டொக்டர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. அம்மாதான் அழுதார்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா சந்திக்குப் போய், எல்லாரும் பார்க்க, ஒரு கிலோ சூடை வாங்கிக்கொண்டு வந்தார். வெள்ளியில் எங்கள் வீட்டில் மீன், மச்சம் அடுப்பில் ஏறாது. பக்கத்து வீட்டுப் பூனைக்கு அன்று பெருநாள். ஆனால் ஒழுங்கை பார்த்தது. ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். எல்லாரும் அல்ல.

அதற்குப் பிறகு குரல் கேட்கும் போதெல்லாம் நான் சந்திக்குப் போவேன். "றோசக்கா, இப்ப என்னைக் கூப்பிட்டியளோ?"

"இல்லைப் பிள்ளை. குளுசை போட்டியோ? சாப்பிட்டியோ?"

ஒரு நாளில் ஆறு தரமும் போயிருக்கிறேன். பாரை வெட்டிக்கொண்டிருந்தாலும், ஆட்கள் காத்துக்கொண்டு நின்றாலும், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லுவார். ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை.

இன்று காலை போனை வைத்துக் கொஞ்ச நேரத்தில் அவருடைய குரல் கேட்டது. பழைய அதே சொல்.

என்னை அறியாமல் எழும்பிச் சந்திக்குப் போய்விட்டேன். அவர் விரித்து இருக்கும் சாக்கு மடித்தபடி மதகில் கிடந்தது... வேறு ஒன்றும் இல்லை.

அதிலேயே நின்று, சத்தமாக, நானே சொன்னேன். "இல்லைப் பிள்ளை."

எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

நாளை பின்னேரம் மூன்று மணிக்குக் குருநகரில் அடக்கப் பூசை. ஒழுங்கைக்காரர் எல்லாரும் வாருங்கள். அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் கட்டாயம் வாருங்கள். செய்வினையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்கு இருப்பது வருத்தம், ஒரு நோய். பெயரைச் சொன்னது நான். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றும் இதையேதான் சொல்லப்போகிறேன்.

செவ்வாய்க்கிழமை கிளினிக். தனியாகப் போவேன்.

றோசக்கா... குளுசை போட்டிட்டன். சாப்பிட்டிட்டன்.

நீங்கள் போயிட்டு வாங்கோ.