மிளகாய்க் கொழுந்தின் அடிப்பக்கம்

என் கடைக்கு விதை நெல் வாங்க வந்த திருமானூர்க்காரர் ஒருவர், மூட்டையை சைக்கிளில் கட்டிய பிறகுதான் சொன்னார்: விவசாய ஆபீசராக இருந்து ஓய்வுபெற்ற பிச்சைமுத்து சார் போன வாரம் காலமாகிவிட்டார். தூக்கத்திலேயே போயிருக்கிறார். நிறைவாக வாழ்ந்த மனிதர். அவரைப் பற்றி அழுது எழுத வேண்டியதில்லை.

அரியலூரில் நான் பூச்சிமருந்துக் கடை போட்ட மறுவருஷம் திருமானூர்ப் பக்கம் மிளகாய்க் கொழுந்தெல்லாம் சுருண்டது. சார் ஒரு மருந்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார், நான் விற்றேன். இரண்டு தடவை அடித்தும் சுருட்டை கூடியதே தவிர குறையவில்லை. கலியமூர்த்தி என்ற விவசாயி ஏழெட்டுப் பேரோடு வந்து, நான் மருந்தில் தண்ணீர் கலந்துவிட்டேன் என்றார். சீல் உடைக்காத புட்டியைக் காட்டினேன், ஒருவரும் பார்க்கவில்லை. பேர் கெட்டால் புதுக்கடையை மூட வேண்டியதுதான்.

அப்போது சார் சைக்கிளில் வந்து இறங்கினார். யாரும் கூப்பிடவில்லை.

"மருந்து நல்ல மருந்துதான், கலியமூர்த்தி. எழுதிக் கொடுத்தவன் நானு. தப்பு என்னுது."

சர்க்கார் ஆள் இப்படிச் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

காலையிலேயே வயலுக்குப் போய்ப் பறித்து வந்த கொழுந்தைத் திருப்பி, சின்ன லென்ஸை என்னிடம் நீட்டினார். அடிப்பக்கம் முழுக்க மஞ்சள் சிலந்திகள், வெறுங்கண்ணுக்குத் தெரியாதவை. இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் இது. அதைக் கவனிக்கத் தவறிவிட்டேன் என்றார். எட்டுக் கால் இருப்பதால் இது பூச்சியே இல்லையாம். இலைப்பேனுக்கென்று அடித்த மருந்து இதை விட்டுவிட்டு, இதைத் தின்னும் பூச்சிகளைக் கொன்றிருக்கிறது. ஒரு வாரத்துக்குள் முட்டை பொரிந்து, குஞ்சு வளர்ந்து மறுபடி முட்டையிடும் என்றால் கேட்கவா வேண்டும்?

லென்ஸில் ஓர் ஆண் சிலந்தி, அசையாமல் கிடந்த பெண்ணை முதுகில் தூக்கிக்கொண்டு நகர்ந்தது.

"பொண்ணு இன்னும் கடைசித் தோலை உரிக்கல. அதுக்குள்ள மாப்பிள்ளை புதுக்கொழுந்துக்குக் குடித்தனம் தூக்கிட்டுப் போறாரு" என்றார் சார்.

கலியமூர்த்தி வாங்கிப் பார்த்தார். "இத என் வூட்டுக்காரிக்குக் காட்டிராதீங்க சார். சைக்கிள்லயே ஏத்த மாட்டேங்கிறேன்னு ஏற்கெனவே பேசுறா."

கடையே சிரித்தது. இலையின் அடியில் படும்படி கந்தகம் அடித்தார்கள். பாதி வயல் தளிர்த்தது. மீதி போனது போனதுதான்.

எல்லோரும் போன பிறகு கேட்டேன்: "நீங்க வராம இருந்திருந்தா, என்னைத் திட்டிட்டுப் போயிருப்பாங்க, உங்க பேரே வந்திருக்காதே சார்?"

"அதான் வந்தேன்" என்றார்.

இன்றும் நான் தப்பான மருந்து கொடுத்துவிட்டதாகத் தெரிந்தால், வாங்கியவர்கள் கடைக்கு வரும்வரை காத்திருப்பதில்லை. நானே வயலுக்குப் போய்விடுகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.