சிவக்கொழுந்தின் கண்ணளவு

“முப்பத்தெட்டு. ஒண்டும் குறையேல்லை” என்றபடி கிணற்றடித் தொட்டியிலிருந்து நிமிர்கிறார் சிவக்கொழுந்து. காலைத் தேத்தண்ணிக்கு முதல் மீன்குஞ்சுகளுக்கு வரவு இடாப்புக் கூப்பிடுவது மூன்று கிழமைக்கு மேலாக நடக்கிற காரியம். எண்ணுவதெல்லாம் கிடையாது. ஒரு பார்வை, அவ்வளவுதான்.

கோப்பாயில் பிளவுஸ் தைக்கக் கொடுக்கும் பெண்களுக்கு அந்தப் பார்வையைத் தெரியும். கழுத்தில் அளவுநாடா தொங்கும், தாலிக்கொடிக்குத் துணையாக. அதைக் கழற்றி ஒருவரையும் அளந்ததில்லை. “கண் இருக்கேக்கை கயிறு என்னத்துக்கு?” கனடாவிலிருந்து மணப்பெண்கள் வட்ஸ்அப்பில் அளவு அனுப்புவார்கள். அவர் படத்தை மட்டும் பார்ப்பார். “உவா பொய் எழுதியிருக்கிறா. ரெண்டு இஞ்சு கூட்டவேணும்.” கூட்டித் தைத்தது அங்கே அச்சொட்டாகப் பொருந்தும், மணப்பெண் மட்டும் ஒரு மாதம் கோபமாக இருப்பாள்.

மாரி தொடங்கியபோது டெங்கு பார்க்க வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மயூரதன், அல்லி நட்டிருந்த அந்தத் தொட்டியைக் கண்டுவிட்டார். “நுளம்பு பெருகும் அக்கா. மீன் விடுங்கோ, இல்லாட்டி மண் போட்டு மூடுங்கோ. நாலு கிழமையாலை வருவன்.”

அல்லியை மூடுவதா? மறுநாளே சிவக்கொழுந்து லைனிங் துணி ஒன்றோடு வயல் வாய்க்காலில் இறங்கி, கறுத்த வால்குஞ்சுகளை வடித்தெடுத்து வந்தார். பரம்பரைச் சைவம். மீனை அவர் கிட்ட நின்று பார்த்தது மச்சாவதாரப் படத்தில்தான். அதிலும் பாதி பெருமாள்.

கொழும்புத்துறைக் கனிசியஸ் மோட்டார்சைக்கிளில் பக்கத்து வீட்டுக்கு மீன் கொண்டுவருபவர். போன திங்கள் சிவக்கொழுந்து அவரை வேலிக்குள்ளால் கூப்பிட்டுத் தொட்டியைக் காட்டினார்.

“கனிசியஸ், உன்ரை கடலிலை இப்பிடிச் சாதி இருக்கோ?”

கனிசியஸ் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை, சிரிப்பை அடக்க அவ்வளவு நேரம் தேவைப்பட்டது.

“அக்கா, உதுக்குக் கால் வந்திருக்கு.”

“நல்ல சாதியெண்டால் வரும்தானே.”

“நாப்பது வருசமா மீன் விக்கிறன். காலுள்ள மீனை இன்னும் தராசிலை வைக்கேல்லை. உது தவளைக்குஞ்சு, அக்கா.”

“நீ கடல்மீன்காரன். இது நல்லதண்ணி. உனக்கென்ன தெரியும்?”

“ஒண்டும் தெரியாதுதான். ஆனால் வால் போனால் உதுகள் வெளியிலை ஏறவேணும். உந்தச் சுவரிலை ஏறேலாது. செத்து மிதக்கும்.” சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்கு அரைக் கிலோ விளைமீன் நிறுக்கப் போய்விட்டார்.

சிவக்கொழுந்து அன்று இரண்டு பிளவுஸ்களுக்கு இடக்கையையும் வலக்கையையும் மாற்றித் தைத்தார். செவ்வாயிலிருந்து ‘மீன்’ என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. ஆனால் இடாப்பு ஒருநாளும் தவறவில்லை.

வெள்ளிக்கிழமை மயூரதன் வந்து, அகப்பையால் தண்ணீரை அள்ளிப் பார்த்தார். நுளம்புக் குடம்பி ஒன்றும் நெளியவில்லை. அல்லி இலையில் ஒன்று, நான்கு காலும் அரை வாலுமாக, அதிகாரி மாதிரிக் குந்தியிருந்தது.

“அக்கா, இது தவளையெல்லோ?”

“நான் எப்ப இல்லையெண்டனான்?”

மயூரதன் பையிலிருந்து கப்பி மீன் பொதியை எடுத்தார். சிவக்கொழுந்து தொட்டிக்குக் குறுக்கே வந்து நின்றார்.

“உது இதுகளின்ரை வாலைக் கடிக்குமோ?”

“கடிக்கும்தான்.”

“அப்ப கொண்டுபோங்கோ, தம்பி.”

“வாற வெள்ளி மீன் விடவேணும் அக்கா. இல்லாட்டி ஆள் பிடிச்சு மண் போடுவன்.”

மிச்சமிருந்த வாலைச் சிவக்கொழுந்து ஒரு பார்வை பார்த்தார். “ஒரு கிழமை காணும், வால் போயிடும். வெள்ளிக்கு உங்கடை மீனைக் கொண்டுவாங்கோ.”

மோட்டார்சைக்கிள் ஒழுங்கையில் மறைந்ததும் தென்னைமட்டை ஒன்றை இழுத்துவந்து, ஏணிக்காகக் கண்ணளவில் தறித்தார். தொட்டிக்குள் சாய்த்தார். ஒரு சாண் குறைந்தது. மட்டை சறுக்கித் தண்ணீரில் மிதந்தது. இன்னொன்று தறித்தார். அதுவும் விளிம்பை எட்டவில்லை. அல்லி இலையில் இருந்தது சுவரில் ஒருமுறை தாவி, வழுக்கி, தொப்பென்று விழுந்தது.

சிவக்கொழுந்து வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கனிசியஸ் இல்லை. ஒருவரும் இல்லை. கழுத்தில் கிடந்த நாடாவைக் கழற்றி, அதன் பித்தளை நுனியை மெல்லத் தண்ணீருக்குள் இறக்கினார்.